பாம்புக் குட்டிக்கு அன்னப்பிராசனம்!

காலை எட்டு மணி ஆவடி ரயிலில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவரைக் கேட்டுப் பாருங்கள். அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர்… ஸ்டேஷன் பெயர்களைத் தூக்கத்தில்கூட வரிசை பிசகாமல் ஒப்பிப்பார். அதற்கு நடுவே எத்தனை ஏரி என்று கேளுங்கள், முழிப்பார்!

பருத்திப்பட்டு ஏரி, அயப்பாக்கம் ஏரி, அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி… பூந்தமல்லியைத் தாண்டினால் எல்லோருக்கும் பெரியண்ணனாகச் செம்பரம்பாக்கம். ஏரி என்றால் தவளை. தவளை என்றால் பாம்பு. 1961-ல் ஆவடிக்கு டாங்க் ஃபாக்டரி வந்தது. 1964-ல் அம்பத்தூருக்குத் தொழிற்பேட்டை வந்தது. பின்னாலேயே நாமும் பெட்டி படுக்கையோடு வந்தோம். பாம்பு எங்கிருந்தும் வரவில்லை. அது பரம்பரை வீட்டுக்காரர். நாம்தான் 'பத்து மாச அட்வான்ஸ்' ஆசாமிகள்.

கத்திரி வெயில் முடிந்து ஆடி பிறக்கிறபோது இந்தப் பக்கமெல்லாம் பாம்பு முட்டைகள் பொரியும் காலம். நல்லபாம்பு ஒரு ஈட்டில் பத்திலிருந்து முப்பது முட்டை வரை வைக்கும். கண்ணாடி விரியனுக்கு முட்டை சமாசாரமே கிடையாது, நேராகக் குட்டிதான். ஷூவுக்குள், பாத்ரூம் ஜாலிக்குள், ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் என்று ஒரு சாண் நீளத்துக்கு வாரிசுகள் தலைகாட்டும். பார்த்ததும் கட்டையைத் தேடுகிறவர்கள் ஒரு ரகம். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடுகிறவர்கள் இன்னொரு ரகம். 'மச்சான், வளர்ப்போமாடா?' என்று கேட்கிற மூன்றாவது ரகம் ஒன்று இருக்கிறதே, அதுதான் ஆபத்து!

எஸ்டேட் பக்கத்தில் ஓர் அறை. நான்கு பிரம்மச்சாரிகள், இரண்டு மின்விசிறி, ஒரு பக்கெட். அங்கே ஐந்தாவது மெம்பராக ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் ஒரு பாம்புக் குட்டியைப் பார்த்தேன். முழத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். மூடியில் ஆணியடித்து ஓட்டை போட்டிருந்தார்கள்.

"நாலு நாளா எதுவுமே சாப்பிடலை சார்" என்றார் அறை நண்பர், குழந்தைக்கு ஜுரம் என்கிற குரலில். இங்க் ஃபில்லரில் பால் கொடுத்துப் பார்த்தாராம். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு, மெஸ் தயிர்சாதம் (பாவம், நமக்கே அது இறங்காது!), செத்த கரப்பான்… எல்லாவற்றுக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டதாம்.

அந்தத் தெருவில் யார் வீட்டில் பாம்பு நுழைந்தாலும் அழைக்கப்படுகிற பெரியவர் ஒருவர் உண்டு. பூந்தமல்லிப் பக்கத்து இருளர். வந்தார். பாட்டிலைப் பார்க்கும் முன்பே கேட்டார்: "யாராச்சும் கையில எடுத்தீங்களா?"

"எடுத்தோமே… குட்டிதானே!"

"குட்டிதான். நல்லபாம்பும் குட்டியாத்தான் இருக்கும், கட்டுவிரியனும் குட்டியாத்தான் இருக்கும். பொறந்த அன்னிக்கே விஷம் உண்டு தம்பி."

அறையில் சத்தம் அடங்கியது. பல்லி பிடிக்க வீட்டுக்குள் வருகிற வெள்ளிக்கோல் வரையனுக்கு விஷமில்லை. ஆனால் அதற்கும் கட்டுவிரியனைப் போலவே குறுக்குப் பட்டைகள். டியூப்லைட் வெளிச்சத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பதற்கு முதல் கடியே வந்துவிடும்.

பெரியவர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினார். "உங்க நல்ல நேரம், இது சாரை. கண்ணப் பாருங்க, பால் ஊத்துன மாதிரி இருக்கா? சட்டை உரிக்கப் போவுது. அதுக்கு முன்னால எதுவும் துன்னாது. முட்டையிலேருந்து வரும்போதே ஆத்தாக்காரி கட்டுச்சோறு கட்டிக் குடுத்திருக்கா. மஞ்சக்கரு. அது வயித்துல இருக்கு."

விஞ்ஞானமும் இதையேதான் சொல்கிறது. பொரித்து வரும் குட்டி, மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வருகிறது. ஒரு வாரம், பத்து நாளில் முதல் சட்டை உரியும். பசி அதற்கப்புறம்தான்.

"உரிச்சதும் சாப்பிடுமா?"

"சாப்புடும். நீங்க குடுக்கிறத இல்ல, அது கேக்குறத."

இந்த ஒரு வரியை நிரூபிக்க அமெரிக்காவில் ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. கார்டன் பர்கார்ட் என்கிற விஞ்ஞானி 1960-களில், பிறந்து ஒருவாய்கூடச் சாப்பிட்டிராத பாம்புக் குட்டிகளின் முன்னால் பஞ்சை நீட்டினார். மண்புழு, மீன் போன்றவற்றின் வாசனை ஏற்றிய பஞ்சு. எந்த இனம் எதைத் தின்னுமோ, அந்த வாசனைப் பஞ்சைப் பார்த்துத்தான் அதன் குட்டி நாக்கை நீட்டி நீட்டித் துழாவிப் பாய்ந்தது. வெறும் தண்ணீர்ப் பஞ்சை அது சட்டை செய்யவில்லை. ஆக, யாரும் சொல்லிக் கொடுக்காமலே மெனு கார்டை நாக்கில் வைத்துக்கொண்டு பிறக்கிற ஜீவன் இது. தண்ணிப்பாம்புக் குட்டிக்குத் தலைப்பிரட்டை, மீன்குஞ்சு. சாரைக் குட்டிக்குக் குட்டித் தவளை. கட்டுவிரியன் குட்டிக்கு நம் பூந்தொட்டியில் நெளிகிற புழுப்பாம்பு. மெஸ் தயிர்சாதம் எந்தப் பட்டியலிலும் இல்லை.

பாலும் இல்லை. 'அப்படியென்றால் திருவேற்காட்டில்?' என்று கேட்பீர்கள். பூந்தமல்லிக்குப் பக்கத்தில் கருமாரியம்மன் கோயில் புற்றுக்கு ஆடி மாதம் பால் சொம்போடு நிற்கும் கூட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன். அது அம்மனுக்கும் நமக்கும் உள்ள விவகாரம், பாம்பு அதில் தலையிடுவதில்லை. தாய்ப்பால் என்ற வழக்கமே அந்த வம்சத்தில் கிடையாது. நாள்கணக்கில் தாகத்தில் கிடந்தால் தண்ணீருக்குப் பதில் பாலைக் குடித்து வைக்கும். ஜீரணிக்கத் தெரியாது.

இதற்கு நடுவே, காசு கொடுத்துப் பாம்பு வாங்குகிறவர்களும் நம்மூரில் இருக்கிறார்கள். 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த, கேட்பாரற்ற பெட்டிகளைத் திறந்தால் 45 பால் பைத்தான், 8 கார்ன் ஸ்னேக்! சுங்க அதிகாரிகள் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். ('பால்' என்றதும் ஃபில்லரை எடுக்காதீர்கள். பந்து போலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு அது.) பால் பைத்தான் வைத்திருப்பவர்கள் 2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். நம்மூர்ச் சாரைக்கும் நல்லபாம்புக்கும் பதிவு என்ற பேச்சே இல்லை. 1972 சட்டப்படி பிடித்து வைத்துக்கொள்வதே குற்றம். ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கும் விலக்கு கிடையாது.

முறைப்படி பதிவு செய்தவருக்கும் இந்த முதல் சாப்பாடு பெரிய தலைவலி. பால் பைத்தான் குட்டி முதல் சட்டையை உரிக்கும்வரை காத்திருக்க வேண்டும். கூண்டில் ஒரு மூலை 31, 32 டிகிரி கதகதப்பாக இருக்க வேண்டும். உடம்பை இறுக்கிக்கொண்டு ஒளிய ஒரு சின்னப் பெட்டி வேண்டும். உடல் பருமனுக்கு மேல் போகாத சுண்டெலிக் குஞ்சை வைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, போய்விட வேண்டும். 'சாப்பிட்டியாடா செல்லம்' என்று பத்து நிமிடத்துக்கொரு தரம் எட்டிப் பார்த்தால் காரியம் கெட்டது. தொடாவிட்டால் ஐந்தாறு நாள் கழித்து மறுபடி. கார்ன் ஸ்னேக் குட்டிகளில் சில, எலியென்றால் முகம் சுளிக்கும். அதற்கு ஒரு தந்திரம்: எலிக்குஞ்சின் மேல் பல்லி வாசனையைத் தடவி நீட்டுவார்கள். மீன்குழம்பு வாசனை காட்டி வெறும் சோற்றை உள்ளே தள்ளுகிற நம் அம்மாக்களின் டெக்னிக்தான்! வாயைப் பிளந்து ஊட்டுவதெல்லாம் கடைசிக் கட்டம். அதைத் தெரிந்த கால்நடை மருத்துவர் செய்ய வேண்டும், யூடியூப் பார்த்த நாம் அல்ல.

அறைக்கு வருவோம். அன்று ராத்திரியே சாரைக் குட்டி சட்டையை உரித்தது. மறுநாள் பெரியவர் பாட்டிலை அம்பத்தூர் ஏரிப்பக்கம் கொண்டுபோனார். கரையில் கோரைப்புல் இருக்கிற இடமாகத் தேடித்தேடி நடந்தார். அதுதான் சிரமமாக இருந்தது. ஒரு பக்கம் குப்பை, ஒரு பக்கம் சாக்கடைக் கலப்பு. தவளைச் சத்தம் கேட்கிற இடம் வந்த பிறகுதான் மூடியைத் திறந்தார். குட்டி ஒருதரம் நாக்கை நீட்டியது. அடுத்த நொடி புல்தான் ஆடியது. "ஒரு தாங்க்ஸ்கூடச் சொல்லலை" என்று நண்பருக்கு வருத்தம்.

அது என்ன சாப்பிட்டதென்று பார்க்கவில்லை. ஆனால் வேறொரு குட்டியின் சாப்பாட்டைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. ஆவடி பருத்திப்பட்டு ஏரியை 2019-ல் பூங்காவாக்கி, நடைபாதை போட்டு, படகும் விட்டார்கள். மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், காது மூடிய ஹெட்போன்களும் கை வீசும் மாமாக்களும் கடந்துபோய்க்கொண்டிருக்க, கரையோரத்தில் கல் பதிக்காமல் விட்ட ஒரு மூலை. கணுக்கால் தண்ணீர். அதில் பென்சில் நீளத்துக்கு ஒரு தண்ணிப்பாம்புக் குட்டி.

தலைப்பிரட்டைகள் கூட்டமாக வந்தன. பாய்ந்தது, தவறியது. மறுபடி பாய்ந்தது, வாயில் பாசிதான் வந்தது. தலையைச் சிலுப்பித் துப்பியது. மூன்றாவது தடவை எதிர்க்கரை நாய் குரைத்ததில் கல்லிடுக்கில் ஒளிந்துகொண்டது. நான் நின்ற இடத்தில் அசையவில்லை. 7.50 வண்டி போனால் போகட்டும் என்று விட்டேன். ஐந்து நிமிடம் கழித்து நாக்கு மட்டும் வெளியே வந்தது. பிறகு தலை.

நான்காவது பாய்ச்சலில் வாய்க்கு வெளியே ஒரு சின்னக் கறுப்பு வால் துடித்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் உள்ளே போய்விட்டது.