தையல் போடாத பல்

பி.காம். படிக்கிறவனுக்குப் பல் ஆபரேஷனில் என்ன வேலை என்கிறீர்களா? விஷயம் இருக்கிறது.

தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து, அதன் மேல் பல் கட்டுவதுதான் இம்ப்ளான்ட். 1965-ல் ஸ்வீடனில் பிரோனமார்க் முதல் நோயாளிக்கு ஈறைத் திறந்துதான் பொருத்தினார். இன்று சிலருக்குச் சிறு துளையே போதும். தையல் இல்லை, வலியும் வீக்கமும் குறைவு.

கத்திக்குப் பயந்து ஒரு வருஷமாக ஒரே பக்கம் மெல்லும் அப்பா, இதைக் கேட்டதும் "நாளைக்கே போலாம்டா" என்றார். நான்தான் நிறுத்தினேன். துளை வழியே எலும்பு கண்ணுக்குத் தெரியாது. எலும்பு மெலிந்திருந்தால் திருகு பக்கவாட்டில் துளைத்துவிடலாம். கணக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் கடன் கொடுப்போமா? முப்பரிமாண ஸ்கேன்தான் அந்தப் புத்தகம். எலும்பு போதாவிட்டால் ஈறைத் திறப்பதே பாதுகாப்பு என்றேன். அப்பா யோசிக்கிறார்.

உங்கள் வீட்டில் யாராவது கிளம்பினால், ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள்.