அரிமா நெஞ்சனும் ஆட்டுக் கம்பளியும்

இலண்டன் மாநகரில், பாராளுமன்ற மாளிகையின் அருகே, புரவி மீதமர்ந்து வாளை உயர்த்திப் பிடித்தபடி காட்சி தருகிறான் ஒரு மன்னன். 1860-இல் நிறுவப்பட்ட வெண்கலச் சிலை அது. அரிமா நெஞ்சன் என்று அவனைப் புகழ்வர். முதலாம் ரிச்சர்டு என்பது பெயர். 1189 முதல் 1199 வரை மணிமுடி அவன் தலையில் இருந்தது. அந்தப் பத்தாண்டில் இங்கிலாந்து மண்ணில் அவன் கால் பதிந்திருந்ததோ ஏறத்தாழ ஆறே திங்கள்! நாட்டில் இராத மன்னனுக்கு நாடாளும் மன்றத்தருகே சிலை! விந்தையன்றோ?

கல்லூரியில் பயின்ற நாளில், அவன் சிலுவைப் போருக்குச் சென்ற வழியை வரைபடத்தில் கோடிட்டுக் காட்டினோம். அந்தக் கோட்டின் ஒவ்வொரு விரற்கடைக்கும் விலை என்ன என்று எந்த வினாத்தாளும் கேட்டதில்லை. இன்று பள்ளியில் நாம் பாடம் நடத்துகையில், உழவர் வீட்டுச் சிறுவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "அத்தனை கப்பலுக்கும் பணம் யார் கொடுத்தார்கள், ஐயா?" விதைநெல்லுக்கும் வட்டிக்கும் வழி தேடும் வீட்டில் பிறந்தவனுக்கன்றோ அந்த வினா எழும்!

பணம் கொடுத்தவர் யார்? புனிதப் போரின் பெயரால் 1188-இலேயே, வருவாயிலும் உடைமையிலும் பத்தில் ஒரு பங்கைக் கேட்டான் தந்தை இரண்டாம் ஹென்றி. மகனுக்கு அது போதவில்லை. பதவிகள் சந்தைக்கு வந்தன. ஷெரீப் பொறுப்புக்கு ஒரு விலை, அரச முத்திரை காக்கும் பொறுப்புக்கு ஒரு விலை! ஸ்காட்லாந்து மன்னன் 10,000 மார்க்கு வெள்ளி தந்து தன் நாட்டின் உரிமையையே மீட்டுக் கொண்டான். வாங்க ஆளிருந்தால் இலண்டனையும் விற்பேன் என்று ரிச்சர்டு சொன்னதாகவும் அக்கால ஏடுகள் கூறும். விலை கொடுத்துப் பதவி பெற்றவன், போட்ட முதலை யாரிடம் எடுப்பான்? ஏழையிடம்தானே!

மதவெறிக்கு முரசு கொட்டினால் அதன் ஓசை எல்லையோடு நிற்குமா? முடிசூட்டு நாளன்றே இலண்டனில் யூதர்கள் தாக்கப்பட்டனர். அவர்களைத் தீண்டலாகாது என்று மன்னன் ஆணை பிறப்பித்தும் வெறி அடங்கவில்லை. 1190 மார்ச்சில், யார்க்கு நகரக் கோட்டையில் தஞ்சம் புகுந்த யூதர் ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். அதன்பின் கூட்டம் பெருங்கோயிலுக்குச் சென்றது. தொழவா? இல்லை! அங்கே வைத்திருந்த கடன் பத்திரங்களைக் கொளுத்த! பக்திப் போர்வைக்குள் இருந்தது கடன் கணக்கு.

இத்தனையும் கொடுத்துப் பெற்றதென்ன? 1191-இல் ஆக்கர் நகரம் வீழ்ந்தது. சிறைப்பட்டோர் ஏறத்தாழ 2,700 பேர் வெட்டி வீழ்த்தப்பட்டனர். ஜெருசலேமோ சலாவுதீன் கையிலேயே இருந்தது. திரும்பும் வழியில், 1192 டிசம்பரில், வியன்னா அருகே ரிச்சர்டு சிறைப்பட்டான். மீட்புப் பணம் 1,50,000 மார்க்கு!

மீண்டும் மக்கள் மடியில் கை விழுந்தது. வருவாயிலும் அசையும் பொருளிலும் நாலில் ஒரு பங்கு. கோயில்களின் பொற்கிண்ணம், வெள்ளிக் கிண்ணம். சிஸ்டர்சியத் துறவிகளின் ஓராண்டுக் கம்பளி முழுவதும்! அவனைப் பிடித்த ஆஸ்திரியக் கோமகன் தன் பங்கைக் கொண்டு வியன்னாவுக்கு மதில் எழுப்பினான். ஆங்கில ஆட்டின் கம்பளி அயலூரின் மதிலாயிற்று!

1194 மார்ச்சில் வந்தவன் மே திங்களிலேயே கடல் கடந்தான். பிறகு வரவேயில்லை. பணம் மட்டும் அவனைத் தேடிச் சென்றது. 1196-இல், செல்வர் தம் வரிச்சுமையை எளியோர் தலையில் ஏற்றுகின்றனர் என்று இலண்டனில் குரலெழுப்பினான் நெடுந்தாடி வில்லியம். கோயிலுக்குள் தஞ்சம் புகுந்தான். அங்கே தீ மூட்டி அவனை வெளியேற்றியவர்கள் யார்? மன்னனுக்காக நாட்டை நிர்வகித்த தலைமைப் பேராயர் ஹூபர்ட்டு வால்ட்டரின் ஆட்கள்! வில்லியம் தூக்கிலிடப்பட்டான்.

அந்தப் பேராயர் செய்த வேறொன்றையும் மறைத்தல் நேர்மையாகாது. குற்ற வழக்குகளைப் பதிந்து காக்க 1194-இல் மாவட்டந்தோறும் அலுவலர் அமைத்தார். 1195 முதல், நில உடன்பாடுகளின் படியொன்றை அரசுக் கருவூலத்தில் வைக்கச் செய்தார். மன்னன் இல்லாமலே நாடு நடந்தது! வாள் வெளிநாட்டில் சுழன்றபோது, எழுதுகோல் உள்நாட்டைக் காத்தது.

ரிச்சர்டு பெரும் பொருள் கொட்டி நார்மண்டியில் கட்டிய கயார் கோட்டை, அவன் இறந்த ஐந்தாம் ஆண்டே, 1204-இல் பிரெஞ்சு மன்னன் வசமாயிற்று. வரிச்சுமை மட்டும் தம்பி ஜான் காலத்திலும் இறங்கவில்லை. 1215-இல் பிரபுக்கள் பெற்ற மகாசாசனம், நாட்டின் பொது ஆலோசனையின்றிச் சிறப்பு வரி கூடாது என்றது. ஆயினும் மன்னனைச் சிறைமீட்கும் பணத்துக்கு அப்போதும் விலக்கு! அந்த வடு அவ்வளவு ஆழம்.

தோழர்களே! வீரனை வெறுக்கச் சொல்லவில்லை நாம். வீரத்தின் செலவுக் கணக்கைக் கேட்கச் சொல்கிறோம். அடுத்த வகுப்பில் அரிமா நெஞ்சனின் வாளைப் பற்றிச் சொல்லும்போது, மடங்களிலிருந்து அள்ளிச் சென்ற அந்தக் கம்பளி மூட்டையையும் சேர்த்தே சொல்வோம்.