கல்லூரியின் வெளிவாயில்

கோடை பிறந்ததும் நாயுடுபேட்டையைக் கடந்து செல்லும் தேசிய நெடுஞ்சாலை 16இன் ஓரங்களில் பொறியியல் கல்லூரிகளின் விளம்பரப் பலகைகள் முளைக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மாணவரின் படமும் அவருக்குக் கிடைத்த ஆண்டு ஊதியமும் இருக்கும். கல்லூரியில் எவரேனும் ஒருவருக்குக் கிடைத்த மிக உயர்ந்த தொகை அது. அவருடன் படித்த மற்றவர்களைப் பற்றிப் பலகை எதுவும் சொல்வதில்லை.

அந்த மற்றவர்களுள் ஒருவர் இவ்வூர்ப் பட்டதாரிப் பெண். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர். 2015இல் கன்வீனர் ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரி ஒன்றில் சேர்ந்து, 2019இல் பி.டெக். முடித்தார். இந்த ஆண்டு அவருடைய தம்பி நுழைவுத் தேர்வு எழுதியிருக்கிறான். நிர்வாக ஒதுக்கீட்டில் கணினி அறிவியல் வாங்கித் தருவதற்காகத் தந்தை ஒரு மனையை விற்க ஆயத்தமாகிவிட்டார். "தனியார் கல்லூரியில் படிச்சது உனக்கு உபயோகப்பட்டதா அக்கா?" என்று தம்பி கேட்டபோது ஒரு சொல்லில் விடை கூற அவரால் இயலவில்லை.

பயன்பட்டது என்பதற்குச் சான்றுகள் உண்டு. திருப்பதியில் 1954 முதல் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் இருக்கிறது, 2015இல் ஐ.ஐ.டி.யும் வந்தது. இரண்டும் அவருடைய தரவரிசைக்கு எட்டாதவை. தனியார் கல்லூரியின் பேருந்தோ தெருமுனைவரை வந்தது. மகளை விடுதிக்கு அனுப்ப மறுத்த தந்தை, அந்தப் பேருந்தை நம்பியே விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். அக்குடும்பத்தின் முதல் பட்டம் அவ்வாறு கிடைத்தது.

கட்டணத்தின் கதை வேறு. அன்றைய ஆந்திரக் கட்டண ஈட்டுத் திட்டத்தில், தரவரிசை 10,000ஐத் தாண்டிய பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுக்கு 35,000 ரூபாய் உச்சவரம்பு. மீதியைக் குடும்பம் கட்டியது. இறுதியாண்டில் ஒரு தவணை பாக்கி நின்றதால், அவருடைய பத்தாம் வகுப்பு, இன்டர் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி திருப்பித் தரவில்லை. அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்திருந்தது. அதை அவரிடம் எடுத்துச் சொல்ல எவரும் இல்லை. பாக்கியைக் கட்டிச் சான்றிதழ்களை மீட்டபோது, வந்திருந்த ஒரே பணி அழைப்பின் தேதி கடந்திருந்தது.

பின்னர் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தப் பணி. அதே வரிசையில் டிப்ளமோ படித்தவர்களும் ஏறத்தாழ அதே ஊதியத்துக்கு நின்றனர். மாநில எல்லையை ஒட்டிய அந்தத் தொழில் நகரில் தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் அருகருகே வேலை செய்கின்றனர். இயந்திரக் குறிப்பேட்டை ஆங்கிலத்தில் படித்து, இரு மொழியிலும் விளக்க அவரால் முடிந்தது. ஓராண்டில் பயிற்சியாளர் பொறுப்பு கிடைத்தது. மொழிகள் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் வந்தவை. குறிப்பேட்டைப் புரிந்துகொள்ளும் பழக்கம் கல்லூரி ஆய்வகத்திலிருந்து வந்தது. இரண்டையும் பிரித்து விலை சொல்ல அவர் விரும்பவில்லை.

தனியார் கல்லூரி பற்றிய பொது விவாதம் பெரும்பாலும் நுழைவாயிலோடு நின்றுவிடுகிறது. ஆந்திர அரசை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட உன்னிகிருஷ்ணன் வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் இலவச இடம், கட்டண இடம் என்று வகுத்தது. 2002இல் டி.எம்.ஏ. பாய் தீர்ப்பு அத்திட்டத்தை அகற்றியது. ஆந்திரப் பொறியியல் கல்லூரிகளில் 70 விழுக்காடு இடங்கள் கன்வீனருக்கும் 30 விழுக்காடு நிர்வாகத்துக்கும் உரியவை. யார் நுழைவது, யார் பணம் கட்டுவது என்பவையே இவற்றிலெல்லாம் கேள்விகள். வெளிவாயிலில் மாணவர் எதைக் கொண்டு வருகிறார் என்ற கணக்கு எங்கே இருக்கிறது?

ஓரளவு இருக்கிறது. 2016 முதல் வெளிவரும் தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.இல் பங்கேற்கும் கல்லூரிகள், உரிய காலத்தில் தேறியோர், வேலை பெற்றோர், மேற்படிப்புக்குச் சென்றோர், வேலை பெற்றோரின் இடைநிலை ஊதியம் ஆகியவற்றை அட்டவணையாகத் தருகின்றன. பத்துப் பேரில் ஒருவருக்கு 40 லட்சமும் ஒன்பது பேருக்குத் தலா 3 லட்சமும் கிடைத்தால், சராசரி 6.7 லட்சம், இடைநிலை 3 லட்சம். பலகையில் இடம்பெறுவது 40. இந்த அட்டவணைக்கும் குறைகள் உண்டு. எண்களைக் கல்லூரிகளே தருகின்றன. வேலை கிடைக்காதவர்கள் இடைநிலைக் கணக்கில் வருவதில்லை. ஆகவே ஊதியத்தைத் தனியே படிக்காமல், சேர்ந்தோர் எத்தனை, வேலை பெற்றோர் எத்தனை என்பவற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

தம்பியை அருகில் அமர்த்தி அவர் அதைத்தான் செய்தார். தந்தை விசாரித்து வைத்திருந்த கல்லூரிகளுள் சிலவற்றுக்கு அட்டவணையே இல்லை. இருந்தவற்றின் இடைநிலை ஊதியத்தை எடுத்து, மனையின் விலையை அந்த ஊதியத்தில் எத்தனை ஆண்டுகளில் மீட்க முடியும் என்று தாளில் கணக்கிட்டுத் தந்தையிடம் காட்டினார். கல்லூரி எதுவானாலும் அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திரும்பப் பெற வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதினார்.

மனை விற்பனை நின்றது. கன்வீனர் ஒதுக்கீட்டில் கிடைக்கும் பிரிவில் தம்பி சேரப்போகிறான். அது கணினி அறிவியலாக இல்லாமல் போகலாம். அந்த வருத்தம் அவனுக்கு இருக்கிறது. அதைப் போக்கும் எண் எந்த அட்டவணையிலும் இல்லை என்பது அக்காவுக்குத் தெரியும்.