பழைய நிரலுக்குப் புதிய இல்லம்

கணிப்பொறியியலைப் பாடமாகப் பயிலாத தமிழாசிரியன் நான். ஆயினும், அத்துறையின் சாதனை ஒன்று பழந்தமிழ் அச்சேடுகளைக் காக்கும் பணிக்குக் கைகொடுத்தமையால், அதனைக் குறித்துச் சில கூற விழைகின்றேன்.

சி, சி பிளஸ் பிளஸ் முதலிய மொழிகளில் எழுதப்பெறும் நிரலை, தொகுப்பி எனும் மென்பொருள், குறிப்பிட்ட ஒருவகைச் செயலிக்கு உரிய இயந்திர மொழியாக மாற்றித் தருகின்றது. இணைய உலாவியோ, 1995-இல் தோன்றிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியையே முன்பு இயல்பாக அறிந்திருந்தது. ஆதலின், அறிஞர் பலரின் நெடுநாள் உழைப்பில் விளைந்த நிரல்கள் உலாவியின் வாயிலுக்கு வெளியே நின்றன.

மோசில்லா நிறுவனத்தைச் சார்ந்த அலோன் ஜக்காய் 2010-ஆம் ஆண்டளவில் தொடங்கிய எம்ஸ்கிரிப்டன் என்னும் தொகுப்பி, சி மொழி நிரலை ஜாவாஸ்கிரிப்டாகவே மாற்றி அவ்வாயிலைத் திறந்தது. 2017-இல் பயர்பாக்ஸ், குரோம், சஃபாரி, எட்ஜ் ஆகிய நான்கு உலாவிகளும் வெப்அசெம்பிளி என்னும் பொது இரும வடிவத்தை ஏற்றன. 2019 டிசம்பரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதனைத் தரமாக அறிவித்தது.

இவ்வாறு உட்புகும் நிரல், தனக்கென வரையறுத்த நினைவகத்தினுள்ளேயே இயங்கும். உலாவி இசைந்தாலன்றி நம் கோப்புகளைத் தீண்ட இயலாது. விருந்தினரை முகமலர்ந்து வரவேற்போர், எல்லா அறைகளின் திறவுகோலையும் அவரிடம் ஒப்படைப்பதில்லை அன்றோ!

ஹியூலட் பேக்கார்டு நிறுவனத்தில் 1985 முதல் 1994 வரை உருவாக்கப்பெற்ற டெசராக்ட், அச்செழுத்தைப் படித்தறியும் நிரலாகும். 2005-இல் திறந்த மூலமாக வெளியிடப்பெற்ற அது, இன்று தமிழையும் அறியும். எம்ஸ்கிரிப்டன் வழியாக உலாவியிலும் இயங்கும்.

அன்பர் ஒருவர் தம் பாட்டனார் அச்சிட்ட சிற்றேட்டினைப் படியெடுக்க இசைந்தபோது, அதன் படங்கள் எவ்விடத்துக்கும் அனுப்பப்படலாகாது என்று நிபந்தனை விதித்தார். அவர் வீட்டுக் கணிப்பொறியிலேயே உலாவியைத் திறந்தோம். டெசராக்ட் நிரலும் தமிழ்த் தரவும் வந்து சேர்ந்ததும், அவர் கண்முன்னே இணைய இணைப்பைத் துண்டித்தேன். பணி தடைபடவில்லை, திரையில் எழுத்துகள் வரிவரியாகத் தோன்றின. முதியவரின் முகத்தில் படர்ந்த நிம்மதியை என்னென்பேன்!

எனினும், 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட ணை, லை, னை, றா முதலிய வடிவங்களை நிரல் பல இடங்களில் பிறழ உணர்ந்தது. அவற்றைக் கையால் திருத்தினோம். நிரல் எங்கும் செல்லும் வழியைப் பொறியாளர் அமைத்துவிட்டனர். ஆனால், பழைய எழுத்துகளை அதற்குக் கற்பிக்க வேண்டியோர் அவ்வெழுத்துகளை அறிந்த நாமே. தமிழ் பயிலும் இளைஞர்கள் நிரல் வல்லாரோடு கைகோத்துப் பயிற்சித் தரவுகளைச் செப்பஞ் செய்வாராயின், பேழைகளில் நலியும் ஏடுகள் பல, உடையவர் இல்லத்தை விட்டு அகலாமலே உயிர்பெறும் என்பது என் துணிபு.