புற்றும் அன்று, சாதாரணக் கட்டியும் அன்று

என் தங்கையின் இடது சூலகத்தையும் கருக்குழாயையும் கட்டியோடு அகற்றி ஒரு வாரம் சென்றபின் திசு ஆய்வறிக்கை வந்தது. ‘எல்லைநிலைக் கட்டி’ என்றிருந்தது. செல்கள் புற்றைப் போலவே பெருகும். ஆயினும் அடித்திசுவைத் துளைத்துப் பரவா. 1929-ஆம் ஆண்டிலேயே ஹோவார்ட் டெய்லர் என்ற அமெரிக்க மருத்துவர் இவற்றைத் தனியாகப் பிரித்தறிந்து எழுதினார்.

“கர்ப்பப்பையோட எல்லாத்தையும் எடுத்துடச் சொல்லுங்க, எம் புள்ள உசுரோட இருந்தாப் போதும்” என்று உம்மா அழுதார்கள். தங்கைக்கு வயது 27, இன்னும் மகப்பேறு இல்லை. மச்சான் வாய் திறக்கவில்லை.

மருத்துவர் மறு அறுவை வேண்டாம் என்றார். கட்டி ஒரு சூலகத்தோடு நின்றுவிட்டது. வயிற்றறைச் சவ்விலும் கொழுப்பு மடிப்பிலும் எடுத்த மாதிரிகள் தூய்மையாக இருந்தன. இந்நிலையில் 5 ஆண்டு கடந்து வாழ்வோர் நூற்றுக்கு 95-க்கும் மேல். கீமோதெரபியும் தேவையில்லை. எஞ்சிய சூலகத்தில் மீண்டும் வரக்கூடும். வந்தாலும் பெரும்பாலும் இதே எல்லைநிலையில், அகற்றக்கூடியதாகவே வரும். கட்டியை மட்டும் உரித்தெடுத்திருந்தால் அந்த வாய்ப்பு இன்னும் கூடுதலாம்.

10 ஆண்டு கழித்தும் திரும்புவதுண்டு என்பதால் கண்காணிப்பு நீண்டது. தவக்குல் இருக்கையில் ஸ்கேன் எதற்கு என்று கேட்ட உறவினரோடு எனக்கு உடன்பாடில்லை. மருத்துவம் செய்துகொள்வது தவக்குலுக்கு முரணன்று. இப்போது உம்மாதான் தேதி தவறாமல் நினைவூட்டுகிறார்கள். அடுத்த ஸ்கேன் ஷவ்வால் பிறை 10-இல்.