தாமதத்தின் விலை

காலத்துக்கு விலை உண்டா என்று கேட்டால், நம்மவர்களில் பெரும்பாலோர் "காலம் பொன் போன்றது" என்று உடனே பதில் சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டு, ரயில் நான்கு மணி நேரம் தாமதமாய் வந்தாலும் மூட்டையின்மேல் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்கள். பொறுமை நம்முடைய பிதிரார்ஜிதச் சொத்து. அந்தச் சொத்து நம்மிடம் ஏராளமாக இருப்பதை ரயில்காரர்களும் பஸ்காரர்களும் மட்டுமன்றி, ஆகாய விமானக் கம்பெனிக்காரர்களும் நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால், ஐரோப்பாவின் பெரிய பட்டணம் ஒன்றிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டோம். பட்டணத்தின் பெயரும் கம்பெனியின் பெயரும் இங்கே அவசியமில்லை. காலை பத்து மணிக்குக் கிளம்பவேண்டிய விமானம் பன்னிரண்டுக்கு என்றார்கள். பிறகு இரண்டுக்கு என்றார்கள். அதன் பிறகு மணி சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். காரணம் கேட்டவர்களுக்குப் புன்னகை ஒன்றே பதிலாய்க் கிடைத்தது.

நம் பக்கத்து நாற்காலியில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். பிள்ளை வீட்டில் மூன்று மாதம் தங்கிவிட்டு ஊர் திரும்புகிறவர். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கும்பகோணத்தில் அவருடைய பேத்திக்கு நிச்சயதார்த்தம். நள்ளிரவில் சென்னையில் இறங்கி, மோட்டாரில் விடியற்காலைக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். மணி மூன்று ஆனபோது அந்தக் கணக்குப் பொய்த்துவிட்டது என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. "என்ன செய்கிறது தம்பி, தலையெழுத்து!" என்று சொல்லி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

தலையெழுத்தைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது. ஆனால் எதிரே டிக்கட்டு மேஜையின்மேல் இருந்த எழுத்து நம் கண்ணில் பட்டது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பிரயாணிகள் தங்கள் உரிமைகளைக் கூறும் பத்திரத்தைக் கேட்டுப் பெறலாம் என்பது அதன் சாராம்சம். இவ்வாறு அறிவிப்பு வைக்கவேண்டும் என்பதே சட்டம். நாம் கேட்டோம். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்மணி சற்றே வியப்புடன் ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

அந்தச் சட்டத்தின் வரலாறு சுவாரஸ்யமானது. 2004-ல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய 261-ஆம் எண் விதி அது. 2005 பிப்ரவரி 17-ல் அமலுக்கு வந்தது. விமானத்தைத் திடீரென்று ரத்து செய்தால், 1,500 கிலோமீட்டர் வரையுள்ள பிரயாணத்துக்கு 250 யூரோவும், 3,500 கிலோமீட்டர் வரையில் 400 யூரோவும், அதற்கு மேல் 600 யூரோவும் நஷ்டஈடு என்று அதில் விதித்தார்கள். ஆனால் தாமதத்துக்கு நஷ்டஈடு என்று அதில் வெளிப்படையாக எழுதவில்லை. கம்பெனிகளுக்கு இது போதாதா? ஒரு நாள் கழித்துப் புறப்பட்டாலும், "ரத்து செய்யவில்லை; தாமதந்தான்" என்று சாதித்தார்கள்.

ஸ்டர்ஜன் என்ற குடும்பத்தார் இதை விடுவதாக இல்லை. அவர்கள் வழக்கில் 2009 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. காலத்தை இழந்தவன் ரத்தினால் இழந்தால் என்ன, தாமதத்தினால் இழந்தால் என்ன? மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதித்துப் போய்ச் சேர்ந்தவனுக்கும் நஷ்டஈடு உண்டு என்பது தீர்ப்பு. 2014-ல் இன்னொரு வழக்கு. விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிஷம். நிற்கவேண்டிய இடத்துக்கு வந்தபோது 3 மணி 3 நிமிஷம். எது வந்து சேர்ந்த நேரம்? பிரயாணி இறங்குவதற்குக் கதவு திறக்கும் நேரமே என்றது நீதிமன்றம். ஐந்து நிமிஷத்துக்காகவா இத்தனை என்று நாம் சிரிக்கலாம். அந்த ஐந்து நிமிஷத்தில் 250 யூரோ இருந்தது.

நிற்க. நம் விமானம் ஆறு மணி நேரம் தாமதமாய்ச் சென்னை வந்து சேர்ந்தது. மனு எழுதலாம் என்று மூதாட்டியிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கிற்று. "வேண்டாம் தம்பி. போனது போகட்டும். பணத்துக்காகப் போய் நிற்கிறதா?" என்றார். "அம்மா, இது யாசகம் அல்ல, அவர்கள் பட்ட கடன். கடனைக் கேட்பதில் கௌரவக் குறைவு என்ன இருக்கிறது?" என்றோம். வெகு நேரம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கம்பெனியின் முதல் பதில் மிகவும் இனிமையாக இருந்தது. யந்திரக் கோளாறு என்பது "அசாதாரணமான சந்தர்ப்பம்". ஆகவே பணம் கிடையாது. ஆனாலும் அடுத்த பிரயாணத்துக்குச் சலுகைச் சீட்டு ஒன்று தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். புயலும் மூடுபனியும் அசாதாரணம் என்றால் ஒப்புக்கொள்ளலாம். விமானக் கம்பெனிக்கு யந்திரம் பழுதாவது, சமையற்காரனுக்கு அடுப்பு அணைவதைப் போன்றது. இதையே, வேறு வார்த்தைகளில், 2008 டிசம்பரில் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு, பிரயாணி கையெழுத்திட்டுச் சம்மதித்தாலன்றிப் பணத்துக்குப் பதிலாகச் சீட்டுக் கொடுக்கக்கூடாது என்ற ஷரத்தையும் எடுத்துக்காட்டி மறுபடி எழுதினோம். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு தலைக்கு 600 யூரோ வந்து சேர்ந்தது.

மூதாட்டிக்குத் தகவல் சொன்னோம். "சந்தோஷம் தம்பி. ஆனால், பேத்திக்கு நான் பூ வைக்க வேண்டிய நேரம் திரும்பி வருமா?" என்று கேட்டார். வராது. எந்தச் சட்டத்தாலும் அதைக் கொண்டுவர முடியாது. ஆயினும், தாமதித்தால் செலவு அதிகம் என்று ஏற்பட்டால்தான், உபரி விமானம் ஒன்றை வைத்துக்கொள்வதும் யந்திரத்தை முன்கூட்டியே பார்த்து வைப்பதும் மலிவு என்று கம்பெனிக்குத் தோன்றும். இன்னொரு பாட்டி குறித்த நேரத்தில் போய்ச் சேர்வதற்கு அதுவே வழி.

இந்த விதி எல்லாருக்கும் எங்கும் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் விமானம் எந்த நாட்டுக் கம்பெனியுடையதானாலும் பொருந்தும். வெளியிலிருந்து அங்கே செல்வதானால், ஐரோப்பியக் கம்பெனிக்கு மட்டுமே பொருந்தும். நம் நாட்டில் 2010-ல் விமானத் துறை இயக்குநரகம் செய்த விதியின்படி, ரத்துக்கு 10,000 ரூபாய் வரையில் நஷ்டஈடு உண்டு. தாமதத்துக்குச் சிற்றுண்டியும், 24 மணி நேரத்தைத் தாண்டினால் ஹோட்டல் அறையுந்தான். ரொக்கம் கிடையாது. வெளிநாட்டுப் பிரயாணத்தில், நஷ்டத்தை நிரூபிக்கக்கூடியவர்கள் 1999-ஆம் வருஷத்து மாண்ட்ரீல் உடன்படிக்கையின்படி இரண்டு வருஷத்துக்குள் வழக்குத் தொடரலாம். இந்தியா 2009-ல் அதில் சேர்ந்திருக்கிறது. சேவைக் குறைபாடு என்று தோன்றினால், 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டத்தின்படி சொந்த ஊரிலுள்ள ஆணையத்திலேயே முறையிடலாம்.

பிரயாணம் போகும் நேயர்கள் சில காரியங்களை மறக்கவேண்டாம். விமானம் ஏறும் சீட்டைக் கிழித்தெறியாதீர்கள். தாமதத்தின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கதவு திறந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். "வாங்கித் தருகிறோம்" என்று வரும் தரகர்களுக்குக் கணிசமான பங்கைக் கொடுப்பதற்கு முன்னால், நீங்களே ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள்.

நமது சர்க்காரும் தாமதத்துக்கு ஒரு விலை நிர்ணயிக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். ஆனால் இருக்கிற உரிமையையே கேட்டுப் பெறாத ஜனங்களுக்குப் புதிய உரிமை கொடுக்க எந்தச் சர்க்காரும் அவசரப்படுவதில்லை. முதலில் கேட்கப் பழகுவோம்.