களைத்த கால்களுக்கு ஓர் ஊழியம்

உழைப்பு, இறைவன் மனிதனுக்கு அளித்த மாண்பு என்பதை நாம் அறிவோம். அவ்வுழைப்பால் நோகும் உடலும் அவர் படைத்ததே என்பதையோ எளிதில் மறந்துவிடுகிறோம்.

நம் இல்லத்து மருமகள் ஜவுளிக் கடையொன்றில் பணிபுரிகிறாள். காலை முதல் இரவு வரை நின்றபடியே சேலைகளை விரித்து மடிக்கும் வேலை. வீடு திரும்பியதும் நேரே அடுப்படிக்குச் செல்வாள். கால் வலிக்கிறதென்று வாய் திறந்து சொன்னதில்லை. பிள்ளைகள்மேல் அவள் காட்டிய எரிச்சலே அவ்வலியை அறிவித்தது. ஓரிரவு நல்லெண்ணெயைச் சற்றே சூடாக்கி அவளருகில் அமர்ந்தோம். "வேண்டாம் அத்தை! நீங்கள் போய் என் கால்களைத் தொடலாமா?" என்று பதறினாள். "பெரிய வியாழனன்று ஆண்டவர் யாருடைய கால்களைத் தொட்டார், அம்மா?" என்றோம். மறுமொழி சொல்லாமல் கால்களை நீட்டினாள்.

பாதத்திலிருந்து முழங்கால் நோக்கி மெல்ல நீவிவிட்டால் போதும், வன்மை வேண்டுவதில்லை. காலுக்கு ஐந்து நிமிடம் என்பது நம் வழக்கம். இறுகிய தசை தளர்கிறது. மனத்தின் இறுக்கமும் குறைகிறது. அன்றிரவு, கடையில் தான் கேட்ட ஏச்சையெல்லாம் அவள் முதன்முறையாக மனம்விட்டுச் சொன்னாள். எண்ணெயினும் அப்பேச்சே அவளுக்குப் பேராறுதல் தந்ததென எண்ணுகிறோம்.

ஓர் எச்சரிக்கையும் கூறுவோம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் தேய்க்கலாகாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கக் கூடும். உடனே மருத்துவரை நாட வேண்டும். நீரிழிவால் பாதம் மரத்தவர்க்குச் சூடான எண்ணெய் ஆகாது.

ஆயினும் எண்ணெய் நீதிக்கு ஈடாகாது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 1981-ஆம் ஆண்டு வெளியிட்ட 'லபோரெம் எக்ஸெர்சென்ஸ்' என்னும் சுற்றுமடலில், ஓய்வு தொழிலாளரின் உரிமை என்றும், வாரந்தோறும் ஞாயிறேனும் ஓய்வு வேண்டுமென்றும் போதித்தார். தமிழகத்தில் 2021-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், கடைப் பணியாளர்க்கு இருக்கை வசதி அளிக்குமாறு பணிக்கிறது. கடை நடத்தும் நம் பங்கு மக்கள் இருக்கை இடுவதோடு, அதில் அமர்பவரைக் கடிந்து நோக்காதிருப்பார்களாக.

இருக்கை அளிப்பது முதலாளியின் கடமை. இதமான கரம் நீட்டுவது வீட்டாரின் கடமை. தந்தையின் கால்களைப் பிடித்துவிடப் பிள்ளைகளைப் பழக்கிய நாம், உழைத்துத் திரும்பும் தாயின் கால்களையும் பிடித்துவிடப் பழக்குவோம்.